நம் வீட்டுச் சுவரும் அயலானின் கூலியும்



கார்த்திகை மழை சற்று ஓய்ந்து வெயில் முகங்காட்டத் தொடங்கியதும், திண்டுக்கல் நகரிலும் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலும் ஒரே வேலை எல்லா வீடுகளிலும் ஆரம்பமாகிவிடுகிறது. நம்மவர்கள் கிறிஸ்துமஸ் திருநாளை எண்ணியும், அயல் வீட்டார் பொங்கலை எண்ணியும் பரணில் கிடக்கும் பாத்திரங்களை இறக்குகிறார்கள், பீரோவைக் கூடத்தின் நடுவுக்கு நகர்த்துகிறார்கள், ஒட்டடை அடிக்கிறார்கள். பெயிண்டுக் கடைகளின் முன்னால் கூட்டம். ஏணி இரவல் கேட்டு வருகிறவர்கள் பங்கு வீட்டையும் விட்டுவைப்பதில்லை.

இந்த நாட்களில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்தார். "சாமி, எங்கள் படுக்கையறைக்கு இந்த வருஷம் நானும் பிள்ளைகளுமாகவே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று இருக்கிறோம். வழக்கமாக அடிக்கிறவர் அடுத்த தெருவிலேதான் இருக்கிறார். கூலி கொடுக்க எனக்கு வழியில்லாமல் இல்லை. அப்படியிருக்க, அவரைக் கூப்பிடாமல் விட்டால் அவர் வாயிலே மண்ணைப் போட்டது போல ஆகுமா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் அதைக் கேட்டவரை நான் மெச்சுகிறேன். சுவருக்கு எந்த நிறம் பொருந்தும், எத்தனை லிட்டர் வாங்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஏராளம். அந்தச் சுவரில் இன்னொருவன் அடுப்புக்கும் பங்கு உண்டா என்று யோசிக்கிறவர்கள் சொற்பம். அவருக்கு உடனே ஒரு பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியைப் புரட்டிப் பார்க்கப் பார்க்க, அதற்குள்ளே வேறு பல கேள்விகள் இருப்பது தெரிகிறது. ஆகையால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கேள்வி நம் பாட்டன்மார் காலத்தில் பிறந்திருக்கவே முடியாது. அன்று வெள்ளையடிப்பது சமையலைப் போல, வீடு மெழுகுவதைப் போல, குடும்பத்தின் சொந்த வேலை. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சூளையில் நீற்றினால், 100 கிலோ கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வெளியேறிப் போக, 56 கிலோ நீறு மிஞ்சும். நம் மாவட்டத்தின் வடபகுதியில், கரிக்காலி முதலிய இடங்களில், இந்தக் கல் இன்றும் வெட்டியெடுக்கப்படுகிறது. அந்த நீற்றை வாங்கி வந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பாட்டிமார் அவர்களை விரட்டுவார்கள். இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, சுவரில் ஒட்டிப் பிடிக்கக் கஞ்சியோ பசையோ சேர்த்து, மஞ்சள் தட்டாமல் இருக்கக் கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் அடிப்பார்கள். அடித்தவுடன் சுவர் மங்கலாகத்தான் இருக்கும். காயக் காயத்தான் பளிச்சென்று வெளுக்கும். சூளையில் எந்த வாயுவைக் கல் இழந்ததோ, அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு, சுவரின்மேல் அது மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது. காரத்தன்மை மிகுந்ததால் பூஞ்சணமும் கிருமியும் அண்டாது. அம்மை கண்ட வீட்டிலும், நெடுநாள் நோயாளி கிடந்து இறந்த அறையிலும் சுண்ணாம்பு அடித்தது வெறும் சாஸ்திரத்துக்காக அல்ல.

பின்னர் டிஸ்டெம்பர் வந்தது, எமல்ஷன் வந்தது, பட்டி பார்க்கும் வழக்கம் வந்தது. சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. அந்த ஆசைக்கு மட்டையும் பழைய வேட்டியும் போதவில்லை. கை பழகிய ஆள் தேவைப்பட்டார். இப்படியாக வீட்டு வேலையாக இருந்தது ஒரு தொழிலாக மாறி, நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. அவர்களில் நம் கோயிலில் பூசை காண்கிறவர்களும் இருக்கிறார்கள். இதனால்தான் இன்று நம் நண்பருக்கு மனச்சாட்சியின் உறுத்தல்.

இந்த உறுத்தலுக்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "என் சுவர், என் பணம், என் இஷ்டம்" என்பது ஒன்று. இதைப்பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தன் சுவரைத் தான் பூச ஒருவனுக்கு உரிமை உண்டென்பதை யாரும் மறுக்கவில்லை. கேட்கப்பட்டது உரிமையைப்பற்றி அல்ல.

மற்றப் பதில் கேட்பதற்கு இனிமையானது: "கையில் காசு இருக்கிறவன் வேலையைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் தர்மம்." இதை நல்ல மனிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இதை அப்படியே ஒப்புக்கொண்டால் எங்கே போய் நிற்போம் என்று பாருங்கள். நம்மால் செய்யக்கூடிய எல்லா வேலைக்கும் ஆள் வைப்பதே புண்ணியமென்றால், செருப்பைக்கூட வேறொருவர் எடுத்து வைக்கச் சோபாவில் சாய்ந்திருக்கும் சீமானே ஊரில் முதல் புண்ணியவான் ஆவான். அன்றியும், வண்ணம் பூசுகிறவர் நம் இரக்கத்தால் பிழைக்கிறவர் அல்லர். தம் கைத்திறத்தால் பிழைக்கிறவர். தேவையில்லாத வேலையை உண்டாக்கி அவருக்குக் கொடுப்பது, பிச்சைக்குக் கூலி என்று பேர் சூட்டுவதாகும். தன்மானமுள்ள எந்தத் தொழிலாளியும் அதை விரும்ப மாட்டார்.

தொழில் நசிவதைப்பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பூட்டை மறக்கலாகாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன. யாரால்? வீட்டிலே உட்கார்ந்து தன் பூட்டைத் தானே செய்துகொண்டவன் எவனுமில்லை. வெளியூரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டு நாலு காசு மலிவாக இருந்தது என்று வாங்கினோமே, நம்மால்தான். அதுபோலவே, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு அறைக்கு வண்ணம் பூசுகிற தகப்பனால் எந்தப் பெயிண்டரும் பட்டினி கிடந்ததாக நான் அறியேன். நாலு நாள் வேலையை மூன்று நாளில் முடி என்று நெருக்குகிறவராலும், பேசிய கூலியில் திருநாளுக்குப் பிறகு பாதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவராலுமே அவர் கஷ்டப்படுகிறார்.

ஆகவே தன் அறையைத் தானே பூசுவதில் பாவமில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. அதில் ஒரு நன்மையும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் என்றொரு அறிஞர் இருந்தார். 1874-ம் வருஷம் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை மாணவர்களை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளை, மண்வெட்டியும் கூடையுமாக ஹிங்க்ஸி என்ற கிராமத்துக்கு அழைத்துப் போய் ஒரு சாலையைச் செப்பனிடச் செய்தார். படகு ஓட்டியும் பந்து விளையாடியும் வீணாக்கும் உடல் வலிமையை நாலு பேருக்கு உபயோகமாகச் செலவிடட்டும் என்பது அவர் எண்ணம். சாலை மிக மோசமாக அமைந்தது, ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் மண் சுமந்த அந்த மாணவர்களில் அர்னால்டு டாயின்பி என்ற இளைஞர் ஒருவர். அவர் பின்னாளில் ஏழைத் தொழிலாளரின் நிலையை ஆராய்வதிலும் அவர்களுக்காகப் பேசுவதிலும் தம் குறுகிய ஆயுளைச் செலவிட்டார். அவர் பேரால் 1884-ல் லண்டன் கிழக்குப் பகுதியில் எழுந்த டாயின்பி இல்லம் இன்றும் ஏழைகளுக்குத் தொண்டு செய்து வருகிறது. சாலைக்கு நேர்ந்த கதியை மட்டும் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

அந்த ரஸ்கின் எழுதிய நூலொன்றை 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் படித்தார் காந்தியடிகள். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப்பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையிலிருந்தே அந்நூலுக்குப் பேர் வைக்கப்பட்டிருக்கிறது. வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்ற கருத்தை அதிலே கண்டு, அந்த வருஷமே டர்பன் அருகே பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. சமையல், துப்புரவு, தச்சு வேலை எல்லாம் குடியிருந்தவர்களே செய்தார்கள். செருப்புத் தைக்கவும் கற்றார்கள். அந்தக் கலை அங்கே வந்த வழியை நம்மவர்கள் அதிகம் அறியார்கள். நேட்டாலில் மரியன்ஹில் என்ற இடத்தில் 1882-ல் அமைந்த திராப்பிஸ்ட் சந்நியாசிகளின் மடம் இருந்தது. மௌன விரதமும் கைத்தொழிலுமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். காந்தி அந்த மடத்தைப் பார்த்து 1895-லேயே வியந்து எழுதியிருக்கிறார். அவருடைய நண்பர் காலன்பாக் அந்தச் சந்நியாசிகளிடம் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். காலன்பாக்கிடமிருந்து காந்தி கற்றார். அவரோ கட்டடக்கலை நிபுணர், இவரோ பாரிஸ்டர்.

நமக்கு மிக அருகில், சின்னாளபட்டிப் பக்கத்தில், 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமமும் இந்த எண்ணத்தின் வழியில் முளைத்ததே. படிப்பும் கைவேலையும் பிரியக் கூடாதென்பது அங்கே அடிப்படைக் கொள்கையாக இருந்தது.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாமே ராட்டை சுற்றி நூல் நூற்ற காந்தி, "எல்லாரும் தங்கள் துணியைத் தாங்களே நெய்துகொள்ளுங்கள், நெசவாளியிடம் போகாதீர்கள்" என்று சொல்லவில்லை. நூற்பவர்க்கும் நெய்பவர்க்கும் போதிய கூலி கிடைக்கும்படி விலை கொடுத்து வாங்குங்கள் என்றுதான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். தினமும் நூற்றதனால் அவருக்கு ஒரு முழம் துணிக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறதென்று கைக்குத் தெரியும். சின்னாளபட்டித் தறியில் உட்கார்ந்தவர்களும் சேலையின் விலையை அப்படித்தான் அறிவார்கள்; கடையில் நின்று விலையைக் குறைக்கச் சொல்லுகிறவர்கள் அறிய மாட்டார்கள்.

இனி நம் அறைக்கு வருவோம். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுவரும் சேர்ந்தால் 440 சதுர அடி. நிலக் கணக்கில் ஏறக்குறைய ஒரு சென்ட். முதலில் பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும். வெடிப்புகளை அடைத்துப் பட்டி பார்க்க வேண்டும். காய்ந்தபின் இரண்டாம் தரம் பட்டி. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர். அதன் பிறகே நிறம், அதுவும் இரண்டு முறை. ஆக, அந்த ஒரு சென்ட் சுவரில் ஒரு மனிதனுடைய கை ஏழு தடவை போய் வருகிறது. ஏழு சென்ட் நிலத்தை நின்றுகொண்டே கையால் தடவியதற்குச் சமம். இதிலே வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது கடைசி இரண்டு தடவைதான். அதற்குத்தான் அவர் மனமுவந்து காசு கொடுக்கிறார். உப்புத்தாள் தேய்த்த நாளைக் கூலியில் சேர்த்தால், "என்னப்பா, நேற்று முழுக்கச் சும்மா தேய்த்துக்கொண்டுதானே இருந்தாய்?" என்கிறார். தேய்த்துப் பார்த்தவர் வாயில் அந்தச் "சும்மா" வராது. மேற்கூரைக்கு அடிக்கும்போது கழுத்து படும் பாடும், மணிக்கட்டின் வழியே முழங்கைக்கு ஒழுகும் பெயிண்டும், மூக்கில் ஏறும் தூளும் சொல்லிப் புரிவதல்ல.

நம் நண்பர் பிள்ளைகளோடு சேர்ந்து அறையைப் பூசுவதை நான் வரவேற்பதற்கு முக்கிய காரணம் இதுதான். மிச்சமாகும் பணம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. படித்த பிள்ளைகள் கையில் கறை படுவதைக் கௌரவக் குறைவாக எண்ணுவதும், வேலை செய்கிறவரை, அவர் வயது என்னவானாலும், "வா, போ" என்று பேசுவதும் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் இல்லாமலில்லை. சாதி பார்த்துத் தண்ணீர்க் குவளையைத் தனியே வைக்கும் அவமானம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நம் மேற்றிராசனக் கோயிலே அர்ச். சூசையப்பரின் பேரால் அமைந்தது, அவர் தச்சர். 1955-ல் 12-ம் பத்திநாதர் பாப்பரசர் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்த நாளில் சுரூபத்துக்கு மாலை போடுகிற நம் பையன், ஏணிமேல் நிற்கும் பெரியவரை "ஏய்" என்று கூப்பிட்டால் என்ன சொல்வது?

ஆனால் இந்தக் கைப்பழக்கம் கெட்ட வழியிலும் திரும்பக்கூடும். ஒரு சின்ன அறையை, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில், சுமாராகப் பூசி முடித்த மனிதர் அதன்பின் பெரிய நிபுணராகிவிடுகிறார். "நானே இரண்டு நாளில் முடித்தேன், நீ எதற்கு நாலு நாள் கேட்கிறாய்?" என்று பெயிண்டரை மடக்குகிறார். முன்பு அறியாமையால் குறைத்துக் கேட்டவர், இப்போது அறிவின் பேரால் குறைத்துக் கேட்கிறார். இவரிடம் அகப்பட்டவர் பாடு அதிகத் திண்டாட்டம். இவர் தம் மாதச் சம்பளத்தின் நிழலில் நின்று, விடுமுறையில், தோன்றியபோது அடித்தார்; அலுத்தபோது காப்பி குடித்தார். மற்றவரோ ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும் நாளெல்லாம் வேலையில்லாமல் வீட்டிலிருந்துவிட்டு, திருநாளுக்கு முந்தின சில வாரங்களில் முழு வருஷத்துக்கும் சம்பாதிக்க வேண்டியவர். அவர் கேட்கும் ஒரு நாள் கூலிக்குள் வேலையில்லாத நாளின் அரிசியும் இருக்கிறது.

"அவர்தானே ஒப்புக்கொண்டார், நான் என்ன பலவந்தமா செய்தேன்?" என்று சிலர் சொல்லுவார்கள். இதற்கு 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-லேயே தமது சுற்றுநிருபத்தில் பதில் சொல்லிவிட்டார். இருவரும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது. சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கப் போதாத கூலியை, வேறு வழியில்லாமல் அவன் ஏற்றுக்கொண்டால், அவன் பலவந்தத்துக்கு ஆளானவனே என்பது அவர் போதனை. பேரத்தில் கெட்டிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கூலியைவிடக் கனமான விஷயம் ஒன்றுண்டு. அது தூசி. நம் பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், கம்பிகளில் பல அடுக்காக எனாமல் பெயிண்ட் படிந்திருக்கும். முன்பெல்லாம் வெள்ளைக்கும், மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களுக்கும் ஈயம் கலந்த பொருட்கள் சேர்ப்பார்கள். வீடுகளின் உட்புறம் பூச வெள்ளை ஈயத்தைப் பயன்படுத்தலாகாதென்று 1921-ல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடே உடன்படிக்கை செய்தது. நம் நாட்டிலோ, வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாதென்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் அதற்கு முன் பூசிய கதவுகளில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூளாகப் பறந்து தரையிலும் பாயிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாதென்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். எனவே பழைய எனாமலைத் தேய்க்க வேண்டுமானால் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும்; பிள்ளைகளையும் கர்ப்பவதிகளையும் அந்த வீட்டிலேயே வைக்கக் கூடாது; தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பூச்சு கெட்டியாக இருந்தால் சுரண்டாமல் அதன்மேலேயே பூசிவிடுவது உத்தமம்.

இதைப் படித்தவுடன், "அப்படியானால் கதவு வேலையைப் பெயிண்டரிடமே விட்டுவிடலாம்" என்று தோன்றுகிறதல்லவா? இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். நம் பிள்ளைக்கு ஆகாத தூசி அவர் பிள்ளைக்கு ஆகுமா? சாயங்காலம் அவர் சட்டையோடு ஒட்டிக்கொண்டு அது அவர் வீட்டுக்குத்தான் போகிறது. வெளிச்சுவரின் கதையும் இதுவே. இரண்டாம் மாடி உயரத்தில் நாம் ஏற மாட்டோம், தலை சுற்றும். அங்கே வேறொருவரை, கயிற்றில் கட்டிய மூங்கில் சாரத்தில், இடுப்புக்கு ஒரு பட்டைகூட இல்லாமல் ஏற்றிவிட்டுக் கீழே நின்று, "அந்த மூலை விட்டுப்போச்சு" என்று கை காட்டுவோம். தனக்கு அபாயமென்று தெரிந்து ஒதுங்கிய வேலையைப் பிறனுக்குக் கொடுக்கலாம். அவன் அதற்குப் பழகியவன். ஆனால் அபாயத்தைக் குறைக்கும் செலவை மட்டும் மிச்சப்படுத்தலாகாது. நல்ல சாரம், இடுப்புப் பட்டை, மூக்குக்கு முகமூடி இவற்றின் செலவும் வேலையின் விலையில் சேர்ந்ததே. அவர் கேட்கமாட்டார், கேட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார்களோ என்ற பயம். நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைக்கப்பட்டது. வண்ணம் பூசுகிறவர்களும் அதிலே சேரலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். செய்யாதவராயிருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்த உங்கள் மகனோ மகளோ அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும்.

ஓதம் ஏறிய சுவரைப்பற்றியும் சொல்ல வேண்டும். கீழே ஈரம் கசிந்து, உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிரும் சுவர்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் நிற்காது. ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்து அதை நிறுத்தி, சுவரைக் காயவிட்ட பிறகே பூச வேண்டும். ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள், திருநாள் வருகிறது, "இப்போதைக்கு மூடிவிடு" என்கிறோம். மூன்று மாதத்தில் மறுபடி உதிர்ந்தால் பெயிண்டரை வைகிறோம். தானே பூசுகிறவனுக்கு இந்தச் சாக்கு இல்லை. குடிக்கூலிக்கு விடுகிற வீட்டில் இப்படி மூடிவைத்து, முன்பணம் வாங்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அது பொய் சொல்வதிலிருந்து எவ்வகையில் வேறுபட்டதென்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளையடித்த கல்லறைகள் என்று நம் ஆண்டவர் பரிசேயரைக் கண்டித்ததை அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 23-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யூதர்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது முதலிலே அழகுக்காக அல்ல. பாஸ்கா திருநாளுக்கு வரும் யாத்திரிகர்கள் தெரியாமல் மிதித்துத் தீட்டுப்பட்டுவிடாதபடி, "இங்கே கல்லறை இருக்கிறது, விலகிப் போ" என்று காட்டுவதற்காக. அந்தச் சுண்ணாம்பு எச்சரித்தது. நம் ஓதச் சுவரின் பெயிண்ட் வாடகைக்கு வருகிறவரை ஏய்க்கிறது.

இன்னொரு சிறு விஷயம். "நானே பூசினேன்" என்று சொல்லும் ஆண்கள், பாத்திரங்களை இறக்கியவர், துணிகளை மூட்டை கட்டியவர், தரையில் சிந்திய பெயிண்டை மண்ணெண்ணெய் தொட்டு இரவு வரை துடைத்தவர், இத்தனைக்கும் நடுவே சோறு வடித்தவர் யார் என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.

இனி நம் நண்பருக்கு. படுக்கையறையைத் தாராளமாக நீங்களே பூசுங்கள். ஆனால் அடுத்த தெருவிலிருப்பவரைப்பற்றி நீங்கள் ஒரு சொல் சொன்னீர்களே, "வழக்கமாக அடிக்கிறவர்" என்று; அந்த "வழக்கமாக" என்பதில்தான் அவருக்கு உங்கள்மேல் ஒரு பாத்தியதை இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரைக் கூப்பிடாமலிருப்பதும், பல வருஷமாக உங்கள் வீட்டைத் தம் திருநாள் கணக்கில் எழுதி வைத்திருப்பவரைக் கூப்பிடாமலிருப்பதும் ஒன்றல்ல. சட்டப்படி அவருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் பிள்ளைகளின் புதுச் சட்டை அந்தக் கணக்கை நம்பியிருக்கலாம். ஆகையால் பெயிண்ட் வாங்குமுன் அவர் வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து உள் அறையைப் பூசப் போவதைச் சொல்லுங்கள். மறைத்துச் செய்யாதீர்கள், இரண்டு தெருவுக்குள் எதுவும் மறையாது. வெளிச்சுவரும் கூடமும் அவருக்கே என்று உறுதி கூறி, அவர் சொல்லும் கூலியைக் கேளுங்கள். உங்கள் வீட்டு வேலை எல்லாவற்றையுமே இனி நீங்களே செய்வதாயிருந்தால், அதை அடுத்த வருஷம் ஆடியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வேறு வீடு பார்த்துக்கொள்ள அவகாசம் இருக்கும். முடியுமானால் முதல் நாள் ஒரு மணி நேரம் வந்து பட்டி பார்க்கும் விதத்தைக் காட்டச் சொல்லி, அதற்கும் கூலி கொடுங்கள். கற்றுக்கொடுக்கிறவரைப் பிள்ளைகள் "அண்ணே" என்றோ "ஐயா" என்றோ கூப்பிடட்டும்.

பழைய முறைப்படி சுண்ணாம்புதான் அடிக்கப் போகிறீர்களென்றால், கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு இறங்குங்கள். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊறுகிற தொட்டியை ராத்திரியில் பலகை போட்டு மூடி, அதன்மேல் ஒரு கல்லையும் தூக்கி வையுங்கள். பங்கு வீட்டு ஏணி தேவைப்படுகிறவர்கள் சனிக்கிழமை பூசைக்குப்பின் உபதேசியாரிடம் பேர் கொடுக்கலாம்; அதன் மூன்றாவது படி ஆடுகிறது, கட்டிக்கொண்டு ஏறுங்கள்.